பாதிப் பெயர்



ஒரு பிழையைச் சொல்லித் தொடங்குகிறேன். அது என் பிழை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டுமாகச் சேர்த்த ஒரு நாட்டார் பாடல் தொகுப்பை நாங்கள் சிலர் கணினியில் ஏற்றினோம். ஊருக்குப் போய்ப் பதிவு செய்தவர்கள் வேறு, ஒலிநாடாவைக் கேட்டு எழுதியவர்கள் வேறு, தட்டச்சு செய்தவர்கள் வேறு. பாடலின் வரிகள், பாடியவர் பெயர், ஊர், பாடிய சூழல் எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல் முறையில் குறித்து ஒரு தரவுத்தளத்தில் சேர்த்தோம். நூல் அச்சுக்குப் போகும் வாரத்தில், பின்னிணைப்பாகப் பாடியவர்களின் பெயரடைவு வேண்டும் என்றார்கள். தரவுத்தளத்திடம் 'பாடியவர்' என்ற உறுப்புகளையெல்லாம் கேட்டேன். நொடியில் கொடுத்தது. அகர வரிசையில் அடுக்கி அனுப்பிவிட்டேன்.

நூல் வெளிவந்த பிறகு, களப்பணிக்குச் சென்றிருந்த மாணவி ஒருத்தி அடைவைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "எங்க அப்பத்தா பேரக் காணோமே சார்" என்றாள். அவள் அப்பத்தாவின் ஒப்பாரி நூலுக்குள் இருந்தது. அடைவில் பெயர் இல்லை.

இன்றைய பேச்சு அந்தப் பெயரைத் தேடிய கதைதான். ஒரு தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியும். அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் அரைகுறையாகத்தான் தெரியும். அப்போது எப்படித் தேடுவது?

எக்ஸ்எம்எல் பற்றி அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். ஒரு பனுவலின் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னும் பின்னும் ஒரு பெயரைக் கட்டிவைப்பதுதான் அந்த முறை. இது ஊர்ப் பெயர், இது பாடலடி, இது குறிப்பு என்று கணினிக்குத் தெரியும்படி எழுதுகிறோம். பெயர் கட்டிய அந்தப் பகுதியை உறுப்பு என்கிறோம். உறுப்புக்குள் உறுப்பு, அதற்குள் இன்னொரு உறுப்பு என்று மரம்போல் கிளைத்துப் போகும். 1986-இல் ஐஎஸ்ஓ 8879 என்ற எண்ணோடு தரமாக்கப்பட்ட எஸ்ஜிஎம்எல் இதற்குத் தாய். அதை எளிதாக்கி 1998 பிப்ரவரி 10 அன்று, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு எக்ஸ்எம்எல் 1.0-ஐப் பரிந்துரையாக வெளியிட்டது. வலைப்பக்கங்களுக்கான எச்டிஎம்எல் மொழியில் பெயர்கள் முன்பே முடிவானவை. எக்ஸ்எம்எல்லில் பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம், தமிழிலேயே வைக்கலாம். அதன் பெருமை அந்தச் சுதந்திரம். என் அடைவில் ஓட்டை விழுந்ததும் அதனால்தான். பத்துப் பேர் பெயர் வைத்தால் பத்து விதமாக வைப்பார்கள்.

ஒரு சொல்லின் எந்தப் பகுதி தெரிந்தால் அதைக் கண்டுபிடிக்கலாம் என்பது கணினிக்கு வெகு காலம் முன்பே தமிழ் அகராதிக்காரர்கள் எதிர்கொண்ட கேள்வி. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டை எடுத்துப் பாருங்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பதினோராம் தொகுதி முதலெழுத்து வரிசையில் இல்லை. ககர எதுகை தொடங்கி எதுகை வரிசையில் இருக்கிறது. இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வருபவருக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டைச் செய்தபோது முதலெழுத்தைக் கதவாக்கினார். 'அகராதி' என்று இன்று நாம் வழங்கும் சொல்லே அந்த நூலின் வழியாக வந்தது. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்தார். தொடையகராதியில் எதுகையாக வரும் சொற்களைச் சேர்த்து வைத்தார். ஒரே நூலுக்கு நான்கு வாசல்.

நூலகவியல் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேடுபவர் எதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதை அடைவின் வரிசைதான் தீர்மானிக்கிறது. உறவுமுறைத் தரவுத்தளங்களில் வேலை செய்தவர்கள் இதைத் தினமும் பார்த்திருப்பீர்கள். அகர வரிசையில் அடுக்கிய அடைவு இருக்கும்போது, 'ராம' என்று தொடங்கும் பெயர்களைக் கேட்டால் உடனே வரும். 'சாமி' என்று முடியும் பெயர்களைக் கேட்டால் அட்டவணை முழுவதையும் துழாவ வேண்டியிருக்கும்.

எக்ஸ்எம்எல்லுக்கு வருவோம். அதில் தேடுவதற்கான மொழி எக்ஸ்பாத். 1999 நவம்பர் 16 அன்று அதன் முதல் பதிப்பு பரிந்துரையானது. இரண்டாம் பதிப்பும், அதன்மேல் எழுந்த எக்ஸ்குவெரி என்ற வினவல் மொழியும் 2007 ஜனவரி 23 அன்று வந்தன. //பாடியவர் என்று எழுதினால், மரத்தில் எங்கே இருந்தாலும் அந்தப் பெயருள்ள உறுப்புகள் எல்லாம் கிடைக்கும். //* என்று எழுதினால், பெயர் எதுவானாலும் சரி, எல்லா உறுப்புகளும் கிடைக்கும். இவ்வளவைக் கற்றவுடன் எந்த மாணவரும் அடுத்து எழுதிப் பார்ப்பது //பாடி* என்பதைத்தான். கோப்புகளைத் தேடும்போது அப்படித்தானே பழகியிருக்கிறோம்.

அது செல்லாது. எக்ஸ்பாத்தில் ஒரு பெயருக்குப் பின்னால் வரும் உடுக்குறி பெருக்கல் குறி. 'பாடி'யை எதோடு பெருக்க என்று தெரியாமல் அது தொடரியல் பிழை காட்டும். பெயரை முழுதாகச் சொல். இல்லையென்றால் எதுவானாலும் சரி என்று சொல். இடைநிலை கிடையாது.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எக்ஸ்எம்எல் பரிந்துரையாவதற்கு முன்பே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லோர் என்ற தரவுத்தளத்தைக் கட்டினார்கள். அதன் வினவல் மொழியான லோரெல், பெயரின் ஒரு பகுதிக்குப் பதிலாக விழுக்காட்டுக் குறியைப் போட அனுமதித்தது. தரவின் அமைப்பு முழுதாகத் தெரியாதவர்தான் தேட வருவார் என்பதை அந்த மொழியை வகுத்தவர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த தரமொழி அந்த வசதியை எடுத்துக்கொள்ளாமல் விட்டது இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

சுற்றுவழி உண்டு. எல்லா உறுப்புகளையும் எடு. ஒவ்வொன்றின் பெயரையும் ஓர் எழுத்துச் சரமாகக் கருது. அந்தச் சரம் 'பாடி' என்று தொடங்குகிறதா என்று பார். தொடங்குவதை மட்டும் வைத்துக்கொள். முதல் பதிப்பிலேயே இதற்கு ஸ்டார்ட்ஸ்-வித், கன்டெய்ன்ஸ் என்ற இரண்டு செயற்கூறுகள் இருந்தன. 'இப்படி முடிகிறதா' என்று கேட்கும் எண்ட்ஸ்-வித், ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற எழுத்துக்கோலத்தைக் கொண்டு ஒப்பிடும் மேட்சஸ் ஆகியவை இரண்டாம் பதிப்பில் வந்தன. பெயரைச் சரமாக வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு பெயர் எந்தப் பெயர்த்தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டுவது பெயர்வெளி; அதைச் சுருக்கமாகக் குறிக்கும் முன்னொட்டு பெயருக்கு முன்னால் நிற்கும். நேம் என்ற செயற்கூறு அந்த முன்னொட்டையும் சேர்த்துத் தரும். ஒரு கோப்பில் பெயர்வெளியின் முன்னொட்டு ஒன்றாகவும், இன்னொன்றில் வேறாகவும், மூன்றாவதில் முன்னொட்டே இல்லாமலும் இருக்கலாம். 'தொடங்குகிறதா' என்று கேட்டால் முன்னொட்டில்தானே தொடங்கும்? விடை வெறுமையாக வரும். முன்னொட்டைக் களைந்து பெயரை மட்டும் தருவது லோக்கல்-நேம். பாதிப் பெயர் தேடலில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். வெறும் விடை வந்தவுடன் 'தரவு இல்லை' என்று முடிவுகட்டிய ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர்வெளியைக் குறிப்பிடாமல் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

அப்பத்தாவைத் தேடும்போது நானும் இந்தச் சுற்றுவழியில்தான் போனேன். 'பாட' என்று தொடங்கும் உறுப்புகளையெல்லாம் கேட்டேன். 'பாடினவர்' வந்தது. 'பாடகர்' வந்தது. 'பாடுநர்' வந்தது. என் அடைவிலிருந்து எத்தனை பேர் விடுபட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கூடவே 'பாடல்', 'பாட்டு', 'பாடலடி', 'பாடவேறுபாடு' எல்லாம் வந்து குவிந்தன. அப்பத்தா மட்டும் வரவில்லை.

வினவல் வெகுநேரம் ஓடியது. அதற்கான காரணத்தை ஆராய்ந்தபோதுதான் இந்தப் பொருளின் மையமான விஷயம் எனக்குப் பிடிபட்டது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

எக்ஸ்எம்எல் தரவுத்தளம் ஒன்று ஆயிரம் பாடல்களை வாங்கிக்கொள்ளும்போது, 'பாடியவர்' என்ற சொல்லை ஆயிரம் முறை எழுதி வைப்பதில்லை. அந்தப் பெயரை ஒரு பட்டியலில் ஒரே ஒரு முறை எழுதி, அதற்கு ஓர் எண் கொடுக்கிறது. மரத்தின் கணுக்களில் அந்த எண் மட்டும் இருக்கும். வுல்ஃப்காங் மையர் தொடங்கிய எக்ஸிஸ்ட் தரவுத்தளத்தில் இந்தப் பெயர்ப்பட்டியலுக்கு சிம்பல்ஸ் என்று தனிக்கோப்பே உண்டு. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் க்ரூன் உருவாக்கத் தொடங்கிய பேஸ்எக்ஸ் தரவுத்தளத்திலும் பெயர்களுக்குத் தனி அடைவு இருக்கிறது. முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டால், பட்டியலில் அதன் எண்ணைப் பார்த்து, வேண்டியதை நேராகப் போய் எடுக்க வழி இருக்கிறது. 'பெயர் இப்படித் தொடங்குகிறதா' என்று ஒவ்வொரு கணுவிடமும் கேட்கச் சொன்னால் அந்த வசதி கைவிட்டுப் போகிறது. லட்சக்கணக்கான கணுக்களைத் தட்டித் தட்டி, உன் பெயர் என்ன, உன் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

பேஸ்எக்ஸின் எல்லைகளைப் பாருங்கள். ஒரு தரவுத்தளத்தில் 214 கோடிக்கும் மேற்பட்ட கணுக்கள் இருக்கலாம். வெவ்வேறு உறுப்புப் பெயர்களோ 32,768-க்கு மேல் போக முடியாது. அது உச்சவரம்பு, நடைமுறையில் ஒரு தொகுப்பில் சில நூறு பெயர்கள் இருந்தாலே அதிகம். கணுக்கள் கடல் என்றால் பெயர்கள் கைப்பிடி. கைப்பிடியில் தேட வேண்டியதைக் கடலில் தேடினேன்.

ஆகவே, பாதிப் பெயர்தான் தெரியும் என்றால் முதல் கேள்வியைத் தரவிடம் கேட்கக் கூடாது, பெயர்ப்பட்டியலிடம் கேட்க வேண்டும். உன்னிடம் உள்ள பெயர்கள் என்னென்ன? ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது? பேஸ்எக்ஸில் இண்டெக்ஸ் தொகுதியில் உள்ள எலிமென்ட்-நேம்ஸ் என்ற செயற்கூறு இதற்கு விடை தரும், எண்ணிக்கையோடு. அந்தப் பட்டியலுக்குள் 'பாட' என்று தொடங்குவதையோ, 'பெயர்' என்று முடிவதையோ, நடுவில் 'ஊர்' வருவதையோ எவ்வளவு சிக்கலான ஒப்பீட்டாலும் தேடலாம். சில நூறு பெயர்கள்தானே, கணினிக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. அகர வரிசையா எதுகை வரிசையா என்ற கவலையும் இல்லை. கிடைத்த முழுப் பெயர்களை எடுத்துக்கொண்டு இரண்டாவது கேள்வியைத் தரவிடம் கேளுங்கள்.

இந்தச் சிந்தனையும் லோர் குழுவிடம் இருந்ததுதான். 1997-இல் ராய் கோல்ட்மனும் ஜெனிஃபர் விடமும் டேட்டாகைட் என்ற ஏற்பாட்டை முன்வைத்தார்கள். தரவில் வரும் ஒவ்வொரு பெயர்ப்பாதையும், எத்தனை முறை வந்தாலும், ஒரே ஒரு முறை இடம்பெறும் சுருக்க வரைபடம் அது. கேள்வி கேட்க வருபவர் முதலில் அந்த வரைபடத்தைப் பார்த்து, அங்கே என்னென்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்வார். புதிய ஊருக்குப் போனவர் தேநீர்க் கடையில் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுத் தெருவில் இறங்குவதுபோல.

இரண்டாவது கேள்வியை எழுதும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். பெயரை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, பாதையில் பெயர் வர வேண்டிய இடத்தில் அந்த மாறியைப் போட எக்ஸ்பாத் அனுமதிக்காது. வினவலையே ஒரு சரமாகக் கட்டி இயக்கும் வசதி இரண்டு தரவுத்தளங்களிலும் உண்டு. அப்படிச் செய்யும்போது சரத்துக்குள் போகும் பெயர், பட்டியலிலிருந்து வந்த பெயராக மட்டும் இருக்க வேண்டும். வெளியாள் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால், அவர் எழுதும் கட்டளையும் சேர்ந்து ஓடிவிடும்.

பலர் கூடிப் பல்லாண்டுகள் சிந்தித்து வைத்த பெயர்களில்கூடப் பாதிப் பெயர் தேடல் எப்படி வழுக்கும் என்பதற்கு டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ், சுருக்கமாக டிஇஐ, நல்ல சான்று. 1987-இல் அமெரிக்காவின் பக்கீப்சி நகரில் நடந்த கூட்டத்தில் கருக்கொண்டு, இலக்கியப் பனுவல்களையும் சுவடிகளையும் குறியிடுவதற்கு உலகெங்கும் பின்பற்றப்படும் நெறியாக வளர்ந்தது அது. தமிழ்க் கல்வெட்டுகளும் இன்று இந்த வழியில் ஏறுகின்றன. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் 2019-இல் தொடங்கிய தர்மா திட்டம், டிஇஐ-யின் கல்வெட்டுக் கிளையான எபிடாக் முறையில் தென்னாசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளைக் குறியிட்டது.

டிஇஐ-யில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்புப் பெயர்கள் உள்ளன. ஒரு தொகுப்பில் பெயர்களைக் குறிக்கும் உறுப்புகள் எல்லாம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு பெர்ஸ்நேம், ஊருக்கு பிளேஸ்நேம், நிறுவனத்துக்கு ஆர்க்நேம், மலைக்கும் ஆற்றுக்கும் ஜியோக்நேம். இவற்றில் 'நேம்' என்ற பின்பகுதி ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும். அதையே கொடுத்து 'இப்படி முடிகிறதா' என்று கேட்டால் இவை நான்கும் வந்துவிடும். ஃபோர்நேம், சர்நேம் வாரா. அவற்றில் அந்த எழுத்து சிறியது. தனித்து நிற்கும் நேம் என்ற உறுப்பும் அதே காரணத்தால் வராது. எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்கி ஒப்பிட்டால் இவையும் சேரும். ஆனால் பெயரின் இடையில் வரும் இணைப்புச் சொல்லைக் குறிக்கும் நேம்லிங்க் அப்போதும் வெளியே நிற்கும், அது 'நேம்' என்று முடிவதில்லை. இன்னொருவருக்கு 'சர்' என்று தொடங்கும் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவர் தேடினால் குடும்பப் பெயருக்கான சர்நேமோடு, சுவடிப் பக்கத்தின் பரப்பைக் குறிக்கும் சர்ஃபேஸும், மிகையாக எழுதப்பட்ட எழுத்தைக் குறிக்கும் சர்ப்ளஸும் கைகோத்து வரும். எழுத்தில் ஒன்றாகத் தொடங்குவது பொருளில் உறவு என்று ஆகிவிடாது.

தமிழில் உறுப்புப் பெயர் வைக்கும்போது சிக்கல் வேறு இடத்தில் முளைக்கிறது. நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லை. புணர்ச்சி இருக்கிறது. எழுத்துகளுக்குக் குறியெண் கொடுக்கும் யூனிகோடும் இருக்கிறது.

'பாடல்' என்று தொடங்கும் உறுப்புகளைக் கேட்டேன் என்று வையுங்கள். 'பாடல்', 'பாடல்வகை' வரும். 'பாடலடி' வராது. 'பாடலாசிரியர்' வராது. கணினிக்கு 'பாடல்' என்பதன் கடைசிக் குறி புள்ளி. உயிர் வந்து மெய்மேல் ஏறியதும் புள்ளி போய்விடுகிறது. புள்ளியைக் கழற்றிவிட்டு, லகர மெய்க்குப் பதில் வெறும் லகரத்தோடு கேட்டால் இந்த நான்கும் வந்துவிடும். யூனிகோடில் லகரத்துக்குப் பின்தான் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியெண்ணாக நிற்கின்றன. 'பாடற்பொருள்' இன்னும் வராது, அங்கே லகரம் றகரமாகத் திரிந்துவிட்டது. 'நூல்' என்று தேடுபவருக்கு 'நூற்பெயர்' கிடைக்காததும் இதனால்தான். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'ல அல்லது ற' என்று கொடுத்துத்தான் சமாளிக்க வேண்டும். நன்னூலின் மெய்யீற்றுப் புணரியலைப் பாடம் கேட்டவர், இந்த ஒப்பீட்டுத் தொடரை எந்த நிரலாளரைவிடவும் நன்றாக எழுதுவார் என்பது என் அனுபவம். தமிழ்த் துறை மாணவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் எங்கு போனாலும் கேட்பது அதனால்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'பாட' என்று கேட்டபோது 'பாட்டு' ஏன் வந்தது? நம் கண்ணுக்கு 'பாட்டு'வின் இரண்டாம் எழுத்து டகர மெய், கேட்டதோ உயிர்மெய். கணினி குறியெண்ணைப் பார்க்கிறது. இரண்டிலும் முதலில் நிற்பது அதே டகரம். எழுத்தளவில் சரியாகப் பொருந்த வேண்டுமானால், டகரத்துக்குப் பிறகு உயிர்க்குறியோ புள்ளியோ வரக்கூடாது என்று மேட்சஸில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இதைவிட நுட்பமான ஒன்று. 'தொகுதி' என்ற பெயரின் முதலெழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறிக்கு ஒரே குறியெண் கொடுப்பது ஒரு வகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இரண்டு குறியெண்ணாக இடுவது இன்னொரு வகை. யூனிகோடின் விதிப்படி இவை இரண்டும் ஒன்றே. திரையிலும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் எக்ஸ்பாத் இயல்பாகக் குறியெண் குறியெண்ணாகத்தான் ஒப்பிடும்; அதற்கு இவை வேறு வேறு பெயர்கள். நார்மலைஸ்-யூனிகோட் என்ற செயற்கூறால் இரண்டையும் ஒரு வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டியிருந்தால் அந்தச் செயற்கூறும் கைகொடுக்காது. அது கண்ணை ஏமாற்றும் வேறு எழுத்து. 'ஸ்ரீ'யின் கதையும் இதுதான். அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோட் 4.1-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். புதிய ஶகரத்தை உறுப்புப் பெயரில் எழுத எக்ஸ்எம்எல் 1.0-இன் முதல் நான்கு பதிப்புகளில் இடமே இல்லை. 2008 நவம்பரில் வந்த ஐந்தாம் பதிப்புதான் பெயரெழுத்துகளின் வரம்பைத் தளர்த்தி அதை உள்ளே விட்டது.

பெயரின் எழுத்தை மட்டும் நம்புவதால் வரும் ஆபத்து நிதி அறிக்கைகளில் பெரிதாகத் தெரியும். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2009 முதல் படிப்படியாகவும், நம் நாட்டின் நிறுவன விவகார அமைச்சகம் 2010-11 நிதியாண்டிலிருந்து குறிப்பிட்ட நிறுவனங்களுக்கும், அறிக்கைகளை எக்ஸ்பிஆர்எல் என்ற எக்ஸ்எம்எல் வடிவில் கேட்கத் தொடங்கின. அமெரிக்கக் கணக்கியல் முறைக்கான பெயர்த்தொகுதியில் பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வருவாயைத் தேடும் ஒருவர் 'ரெவென்யூ' என்ற சொல் வரும் உறுப்புகளையெல்லாம் கேட்டால், ரெவென்யூஸ் வரும். காஸ்ட்ஆஃப்ரெவென்யூவும் வரும், அது வருவாய் ஈட்ட ஆன செலவு. டெஃபர்ட்ரெவென்யூவும் வரும், அது முன்கூட்டி வாங்கிய பணம், கணக்கில் கடன்பொறுப்பு. மூன்றையும் கூட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று வணிகவியல் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொருளால் தொகுக்க வேறு வழிகள் இருக்கின்றன. டிஇஐ தன் உறுப்புகளை வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆட்பெயரின் பகுதிகள் என்ற வகுப்பில் சர்நேமும் நேம்லிங்க்கும், எழுத்தில் எப்படி இருந்தாலும், ஒன்றாக இருக்கும். உறுப்புகளின் அமைப்பை வரையறுக்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமா என்ற வரைவில், ஓர் உறுப்பின் இடத்தில் வரக்கூடிய மற்ற உறுப்புகளைச் சேர்த்துச் சொல்லும் பதிலீட்டுக் குழு என்ற ஏற்பாடு உண்டு. இப்படித் திட்டமிட்ட வரைவுள்ள தரவுக்கு அந்த வழியே சிறந்தது. எங்கள் தொகுப்புக்கு அப்படி ஒரு வரைவு எழுதப்படவில்லை. எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தாலும், என்னென்ன வரலாம் என்பதைத்தான் வரைவு சொல்லும். என்ன வந்திருக்கிறது என்பதைத் தரவுத்தளத்தின் பெயர்ப்பட்டியல்தான் சொல்லும்.

அந்தப் பட்டியலை ஒரு மாலையில் அச்செடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு தாளின் இரு பக்கத்தில் அடங்கிவிட்டது. எண்ணிக்கை குறைந்த பெயர்களை முதலில் பார்த்தேன். ஒரே ஒரு முறை வரும் பெயர்களில் பாதி, தட்டச்சுப் பிழைகள். தொடக்கக் குறியைத் தவறாகத் தட்டினால் செயலி முடிவுக் குறியையும் அதே தவற்றோடு தானே நிரப்பிவிடுகிறது. ஆகவே எக்ஸ்எம்எல் விதிப்படி அதில் பிழை எதுவும் தெரியாது. 'பாடியவர்' என்பதில் ரகரம் றகரமாகியிருந்த ஓர் உறுப்பும், புள்ளி விடுபட்ட ஓர் உறுப்பும் அப்படித்தான் கிடைத்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.

இரண்டாம் பக்கத்தில், ஒகர வரிசையில், 'ஒப்புவைத்தவர்' என்று ஒரு பெயர் இருந்தது. பாடல் என்ற சொல்லோடு ஓரெழுத்து உறவும் இல்லாத பெயர். ஸ்டார்ட்ஸ்-வித்தும் கன்டெய்ன்ஸும் எத்தனை நாள் ஓடியிருந்தாலும் அதன் பக்கம் போயிருக்க மாட்டா. திறந்து பார்த்தேன். அந்த மாணவியின் அப்பத்தா அதற்குள் இருந்தார். அவரோடு அதே ஊர்ப் பெண்கள் இன்னும் சிலரும் இருந்தார்கள்.

மறுநாள் மாணவியிடம் கேட்டேன். களக்குறிப்புத் தாளில் 'ஒப்பு வைத்தவர்' என்று எழுதியது அவள்தான். உறுப்புப் பெயரில் இடைவெளி வரக்கூடாது என்பதால், தட்டச்சு செய்தவர் இரண்டு சொல்லையும் சேர்த்து அப்படியே பெயராக்கியிருக்கிறார். "எல்லாரும் 'பாடியவர்'னு எழுதும்போது நீ மட்டும் ஏம்மா மாத்தி எழுதின?" என்றேன்.

"பாடுனாங்கன்னு எழுதுனா அப்பத்தா கோவிச்சுக்கும் சார். எழவு வீட்ல யாராச்சும் பாடுவாங்களா? ஒப்பு வப்பாங்க" என்றாள்.

எல்லாப் பெயர்களையும் 'பாடியவர்' என்று ஒரே சீராக மாற்றிவிடலாம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். ரகரப் பிழைகளை மாற்றினேன். 'பாடினவர்', 'பாடகர்', 'பாடுநர்' மூன்றையும் மாற்றினேன். 'ஒப்புவைத்தவர்' அப்படியே இருக்கிறது. நூலின் இரண்டாம் அச்சில் பெயரடைவு இரண்டு தலைப்புகளில் வந்தது: பாடியவர்கள், ஒப்பு வைத்தவர்கள்.